மூடுபனியில் ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு: ஒண்டிக்கடையில் கிறிஸ்துமஸ்!

டிசம்பர் மாதம், காலை ஏழு மணி. ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிகிறது, பஸ் தெரியவில்லை. டீக்கடை பாய்லரிலிருந்து எழும் ஆவி எது, மூடுபனி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக நிற்கும் குழந்தைகள் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதி, புகை வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஒண்டி என்றால் தனி. ஒற்றைக் கடை என்பதுதான் இந்த இடத்தின் பெயர். இன்று இங்கே கடைகளுக்குப் பஞ்சமில்லை. மிளகு, காபித்தூள், பஜ்ஜி, டீ என்று வரிசையாக வியாபாரம் நடக்கிறது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வரும் அந்தப் பத்து நாள்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆனாலும் பெயர் மாறவில்லை.

இந்தக் குளிருக்கும் பனிக்கும் பொருத்தமான ஒரு விடுமுறை வேலை உண்டு. குழந்தைகள் கையால் செய்வது, பெரியவர்களும் கூடவே உட்கார்ந்துவிடுவது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து தின்று தீர்ப்பது. அதுதான் ஜிஞ்சர்பிரெட் வீடு. சுக்கு போட்ட கெட்டி பிஸ்கட்டில் சுவர், கூரை, கதவு எல்லாம் செய்து, சர்க்கரைக் கலவையால் ஒட்டி, மிட்டாய்களால் அலங்கரிக்கும் குட்டி வீடு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய நகரங்களின் நட்சத்திர ஓட்டல்களில் இதை ஆளுயரத்துக்குக்கூடக் கட்டி நிறுத்துகிறார்கள். பார்த்தால் முழுக்க வெளிநாட்டுச் சமாசாரம் போலத்தான் தோன்றும். ஆனால் அதன் சுவரை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி தெரியும்.

பெயரிலேயே இஞ்சி

'ஜிஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப்போகும் மொழியியல் அறிஞர்கள், லத்தீன், கிரேக்கம், பாலி, வடமொழி என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்து, கடைசியில் தென்னிந்தியாவில் நிற்கிறார்கள். இஞ்சி, வேர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்துதான் கப்பலேறி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆகி, பிறகு 'ஜிஞ்சர்' ஆனது என்பது அவர்கள் தரும் விளக்கம். பொருளும் போனது, பெயரும் கூடவே போனது.

ஜெர்மனியில் இந்த வகைப் பலகாரத்துக்கு 'லெப்கூகன்' என்று பெயர். நியூரம்பெர்க் நகரில் இதைச் செய்பவர்களுக்கென்று 1643-ம் ஆண்டிலேயே தனிச் சங்கம் இருந்தது. அதே ஜெர்மனியில் இதற்கு 'பெஃபர்கூகன்' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு மிளகு கேக் என்று அர்த்தம். நார்வேயில் சொல்லும் 'பெப்பர்காகே' என்பதற்கும் அதே பொருள்தான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் தூர தேசத்து மசாலாப் பொருள்களுக்கெல்லாம் மிளகின் பெயரையே பொதுவாகச் சொன்னதால் வந்த பெயர் இது.

அந்த மிளகு ஏற்காட்டில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும்போதே, சாலையோர எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு கொடி கொடியாக ஏறியிருக்கும். அதன் நிழலில் காபிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இங்கே காபியையும் சில பழ மரங்களையும் கொண்டுவந்தவர் என்று ஏற்காட்டின் வரலாறு சொல்கிறது. அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தார்கள், ஓட்டுக் கூரை பங்களாக்கள் வந்தன, தேவாலயங்களும் விடுதிப் பள்ளிகளும் வந்தன. கிறிஸ்துமஸும் அப்படித்தான் இந்த மலையில் வேரூன்றியது.

சுவருக்கு இனிப்பு வேண்டுமே? மேல்நாட்டில் கரும்புப் பாகையோ தேனையோ ஊற்றுகிறார்கள். மலையிறங்கினால் சேலம் செவ்வாய்ப்பேட்டை மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டியே இருக்கிறது. சுக்கு, மிளகு, பட்டை, கிராம்பு, வெல்லம். இத்தனையும் நம் பக்கத்துச் சரக்கு என்றால், மைதாவும் வெண்ணெயும் மட்டும்தான் பாக்கி.

இன்னும் கொஞ்சம் யோசித்தால், இதற்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரரும் உண்டு. அதிரசம்! அதிலும் வெல்லப் பாகுதான், அதிலும் சுக்கும் ஏலமும்தான். மாவைக் கிளறியதும் சுடாமல், ஊற வைத்துச் செய்வதிலும் இரண்டுக்கும் ஒற்றுமை. அது எண்ணெயில் வேகிறது, இது அவனில் வேகிறது.

வெளியூர்ப் பலகாரத்தை உள்ளூர்ச் சரக்கில் செய்து பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1883-ல் தலச்சேரியில், பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி, அதேபோல் செய்து தரச் சொல்ல, மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

பசியில் பிறந்த வீடு

தின்னும் வீடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஹான்ஸல், கிரெட்டல் கதை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட தொகுப்பில் இருப்பது. காட்டில் வழிதவறிய அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். ரொட்டியில் சுவர், கேக்கில் கூரை, சர்க்கரையில் ஜன்னல். ஓடிப்போய் உடைத்துத் தின்கிறார்கள். உள்ளே இருப்பவளோ சூனியக்காரி.

சூனியக்காரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் காட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊரில் பஞ்சம். வீட்டில் ரொட்டி இல்லை. நான்கு வயிற்றுக்குச் சோறு போட முடியாமல், பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆக, அந்த இனிப்பு வீடு பசித்த பிள்ளைகளின் கண்ணில் பட்ட கனவு. சாப்பாட்டுக்கே வழியில்லாத குழந்தைக்கு, சுவரே சோறாக இருந்தால் எப்படி இருக்கும்!

சேலம் பக்கத்துக்காரர்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷத்துப் பஞ்சம், சேலம் மாவட்டத்தையும் கடுமையாக வாட்டியது. கஞ்சித் தொட்டிகளின் முன்னால் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. மேலே எஸ்டேட் பங்களாக்களில் கிறிஸ்துமஸ் வந்து போன அதே ஆண்டுகளில்தான், கீழே சமவெளியில் அந்தப் பஞ்சமும் நடந்தது.

அதனால்தான் ஜிஞ்சர்பிரெட் வீட்டை அழகு பார்ப்பதற்காக மட்டும் செய்து, ஜனவரி வந்ததும் எறும்பு மொய்க்கக் குப்பையில் போடுவது கொஞ்சம் உறுத்துகிறது. இது தின்பதற்காகக் கட்டும் வீடு. கட்டுவது எவ்வளவு முக்கியமோ, உடைத்துப் பங்கு போடுவதும் அவ்வளவு முக்கியம்.

உலகம் கட்டும் வீடுகள்

அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் 1969 முதல் கிறிஸ்துமஸுக்கு ஜிஞ்சர்பிரெட் வீடு வைக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 2013-ல், ஆள் நுழைந்து நடக்கும் அளவுக்குப் பெரிய வீட்டைக் கட்டி கின்னஸ் சாதனை செய்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் கிடைத்த பணம் மருத்துவமனை ஒன்றின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. குரோஷியாவின் வட பகுதியில் இதய வடிவில் செய்யும் ஜிஞ்சர்பிரெட் கைவேலையை, 2010-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மனதைத் தொடுவது நார்வேயின் பெர்கன் நகரம். 1991 முதல் ஆண்டுதோறும் அங்கே பள்ளிக் குழந்தைகளும் குடும்பங்களும் செய்து கொடுக்கும் வீடுகளைச் சேர்த்து, ஒரு முழு ஜிஞ்சர்பிரெட் நகரத்தையே அமைக்கிறார்கள். 2009-ல், திறப்பதற்குச் சில நாள்களே இருந்தபோது யாரோ புகுந்து அதை நாசமாக்கிவிட்டார்கள். ஊர் உட்கார்ந்து அழவில்லை. மறுபடி மாவைப் பிசைந்தது. வீடு வீடாகச் செய்து கொண்டுவந்து குவித்தார்கள். அந்த ஆண்டும் நகரம் எழுந்து நின்றது.

ஏற்காட்டுக்கும் இப்படிக் கூடிக் கட்டும் பழக்கம் உண்டு. மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சிதான் அது. அங்கே பூக்களால் உருவங்களைச் செய்கிறார்கள். டிசம்பரில் பிஸ்கட்டில் செய்தால் என்ன?

மாவும் அளவும்

மைதா அரை கிலோ, பொடித்த வெல்லம் 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், சுக்குப் பொடி 2 டீஸ்பூன், பட்டைப் பொடி 2 டீஸ்பூன், கிராம்புப் பொடி அரை டீஸ்பூன், மிளகுப் பொடி கால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சோடாவைக் கூட்டிவிட வேண்டாம். சுவர் உப்பிக் கோணலாகிவிடும்.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சூட்டோடு வெண்ணெயைப் போட்டு உருக விட வேண்டும். ஆறியதும் மாவையும் பொடிகளையும் சேர்த்துப் பூரி மாவைப் போலக் கெட்டியாகப் பிசைந்து, மூடி வைத்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் விட வேண்டும்.

பிறகு அட்டையில் அளவு வெட்டிக்கொள்ளலாம். முன்சுவரும் பின்சுவரும் 12 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், அதற்கு மேலே 6 செ.மீ. உயர முக்கோணம். பக்கச் சுவர்கள் இரண்டும் 14-க்கு 10. கூரைப் பலகைகள் இரண்டும் 16-க்கு 10. மாவை அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, அட்டையை மேலே வைத்துக் கத்தியால் வெட்டி, 170 டிகிரியில் சுமார் 15 நிமிடம், ஓரம் நன்றாகச் சிவக்கும் வரை வேக வைக்க வேண்டும். வெளியே எடுத்த உடனே, சூடு இருக்கும்போதே, அட்டையை மறுபடி வைத்து ஓரங்களை நேராக்கிவிட வேண்டும். ஆறிவிட்டால் உடைந்துவிடும். மிஞ்சும் மாவில் கதவும் புகைபோக்கியும் செய்யலாம்.

வீட்டில் அவன் இல்லையா? முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் கேக் கலவையை வீட்டில் கலந்து, தட்டோடு தெருமுனை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள். கேட்டுப் பார்த்தால் இன்றும் மறுக்காத பேக்கரிகள் உண்டு. அதுவும் முடியாவிட்டால், கடை பிஸ்கட்டுகளையே அடுக்கி ஒட்டலாம். குழந்தைகளுக்குச் சந்தோஷம் ஒன்றும் குறையாது.

இருபது வளைவும் ஈரக் காற்றும்

மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் கீழேயே வீட்டைக் கட்டி முடித்து மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் கூரை கையோடு வந்துவிடும். பலகைகளாகவே சுட்டு, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, முறுக்கு டின்னில் படுக்க வைத்துக் காற்றுப் புகாமல் மூடி எடுத்துப்போவதே சரி. மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம்.

மேலே போனதும் எதிரி ஒருவர் காத்திருப்பார். மூடுபனி! சர்க்கரையும் வெல்லமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளவை. திறந்த ஜன்னல் பக்கம் வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் சுவர் நமத்துக் கூரை தொய்ந்திருக்கும். அதற்கும் வழிகள் உண்டு. பலகைகளை வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக வேக விடலாம். சுவர்களின் உள்பக்கத்தில் உருக்கிய சாக்லேட்டை மெல்லப் பூசினால் ஈரம் ஏறுவது குறையும். கட்டும் அறையில் ஜன்னலை மூடி வைக்கலாம்.

ஒட்டும் கலவைக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுடன் 200 கிராம் ஐசிங் சர்க்கரையும், சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கெட்டியாக அடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பூனில் எடுத்தால் விழாமல் நிற்பதுதான் பதம். பச்சை முட்டை வேண்டாம் என்பவர்கள், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடுகளில், பேக்கிங் கடைகளில் கிடைக்கும் மெரிங் பவுடரைக் கரைத்துப் பயன்படுத்தலாம். சர்க்கரையைக் காய்ச்சிப் பாகாக்கி ஒட்டுவது இன்னும் உறுதி. ஆனால் அந்தச் சூடு கையைப் பொத்துவிடும் என்பதால் அது பெரியவர்கள் வேலை.

முதலில் நான்கு சுவர்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு டம்ளரை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மூன்று மணி நேரமாவது விட வேண்டும். மலைக் குளிரில் கலவை காய நேரமாகும். கூரையை மாலையில் ஏற்றி, இரவு முழுக்கத் தொடாமல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதில் மிகக் கடினமான பகுதி இந்தத் 'தொடாமல் இருப்பது'தான்.

பனி இல்லாத ஊரின் கூரை

படங்களில் பார்க்கும் ஜிஞ்சர்பிரெட் வீடுகளின் கூரையில் வெள்ளை வெளேர் என்று உறைபனி கொட்டிக் கிடக்கும். ஏற்காட்டில் அப்படிப் பனி கொட்டுவதில்லை. கொட்டாத பனியை எதற்குக் கூரையில் ஏற்ற வேண்டும்? ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஊரையே கட்டலாமே!

பழைய எஸ்டேட் பங்களா வேண்டுமென்றால், சீவிய பாதாமையோ பிளந்த முந்திரியையோ கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டினால் ஓட்டுக் கூரை. இந்த மலையின் பூர்வ குடிகளான மலையாளிப் பழங்குடியினரின் மரபான வீடுகளைப் போல, மண் சுவரும் புல் வேய்ந்த கூரையும் வேண்டுமென்றால், சுவருக்கு எதுவும் பூச வேண்டாம். பிஸ்கட்டின் நிறமே மண் நிறம். கூரைக்கு ஓமப்பொடி. இனிப்பும் உப்பும் சேர்ந்து அந்தக் கூரைதான் முதலில் காலியாகும்.

வாசலில் பட்டைத் துண்டுகளை அடுக்கினால் விறகுக் கட்டு. சீரக மிட்டாயில் பூந்தோட்டம். பொரித்த ஜவ்வரிசியில் வேலி; சேலம் ஜவ்வரிசிக்கு இதைவிட நல்ல மரியாதை வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் பஞ்சுமிட்டாயைப் பிய்த்துக் கூரை மேல் பரப்பினால் அதுதான் மூடுபனி. நிஜ மூடுபனியைப் போலவே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்தும் போகும்.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது ஒண்டிக்கடையையே கட்டுவதுதான். ஒரே ஓர் அறை. முன்சுவரில் பாதியை வெட்டி எடுத்துத் திறந்த கடை. உள்ளே குட்டிப் பலகை. பலகையில் ஆரஞ்சு மிட்டாய்க் குவியல். ஓரத்தில் நான்கு காபிக்கொட்டை. மேலே ஐசிங்கால் எழுதிய பெயர்ப்பலகை. வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஆளுக்கொரு வேலை இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பெயர்ப்பலகை, தெரியாத பிள்ளைக்கு மிட்டாய்க் குவியல், பாட்டிக்குப் பாகுப் பதம்.

முதல் துண்டு யாருக்கு?

கட்டி முடித்த வீட்டை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? காய்ந்த ஊரில் வாரக்கணக்கில் நிற்கும். ஏற்காட்டு ஈரத்தில் இரண்டு மூன்று நாள் தாண்டினால் மொறுமொறுப்புப் போய்விடும். மூடுபனியே கெடு வைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்கு முன்பே முறுக்கும் அதிரசமும் கல்கலும் சுட்டு, டிசம்பர் 25 அன்று தட்டில் வைத்துத் துணி மூடி, அக்கம்பக்கத்துக்கு அனுப்புவது வழக்கம். யார் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று அந்தத் தட்டு கேட்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தத் தட்டு வேறு பலகாரத்தோடு திரும்பி வரும். ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்கும் இதே வழிதான் சரி. வெளியூரிலிருந்து தங்க வந்தவர்களுக்குப் பக்கத்து வீடு இல்லை என்றால், அறையைச் சுத்தம் செய்கிறவர், வண்டி ஓட்டி வந்தவர், குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு பழம் விற்கிறவர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் அவருடைய பிள்ளை என்று மனிதர்களுக்குக் குறைவில்லை.

உடைக்கும்போது குழந்தைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தொடாமல் காத்த வீடு. முதல் அடிக்கு யாருக்கும் மனம் வராது. யாராவது ஒருவர் கூரையின் மூலையை 'டக்' என்று உடைத்ததும், அத்தனை கைகளும் நுழைந்துவிடும். சுக்கின் காரம் தொண்டையில் மெல்ல ஏறும். மலைக் குளிருக்கு அது மருந்தும்கூட.

கடைசியில் அட்டையில் மிஞ்சுவது கொஞ்சம் ஐசிங் தூளும், பெயர்ப்பலகையின் ஒரு துண்டும்தான். வெளியே ரவுண்டானாவில் பனி விலகி, பஸ் முழுசாகத் தெரியத் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் பாக்கெட்டில் காகிதத்தில் சுற்றிய ஒரு சுவர்த் துண்டோடு, பழக்கடைப் பக்கம் ஓடும் பிள்ளையும் தெரியும்.